ஒரே ரெசிபி, வேற வேற பொடி: சாயத்தைப் பிடிக்கும் நானோ துகள்கள்

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம், நான் போட்டிருக்கிற இந்தக் கறுப்பு டி-ஷர்ட். திருப்பூர்ல தச்சது. லேபிளைப் பார்த்ததும் நொய்யல் ஆறு ஞாபகம் வந்தது. சாயக்கழிவுப் பிரச்சினையால 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் அங்க இருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போ, தண்ணியில கலந்த சாயத்தை எப்படித் திரும்பப் பிடிக்கிறது?

ஒரு வழி, அதை ஏதாவது ஒரு பொருளோட மேற்பரப்புல ஒட்ட வைக்கிறது. இதுதான் பரப்புக் கவர்தல். ஒட்டுறதுக்கு இடம் வேணும் இல்லையா? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தோட மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களா வெட்டினா 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்குல ரெண்டரை கிரவுண்டுக்கு மேல!

உதாரணத்துக்கு மேக்னடைட், அதாவது காந்த இரும்பு ஆக்ஸைடு. ஃபெரஸ் இரும்பு ஒரு பங்கு, ஃபெரிக் இரும்பு ரெண்டு பங்கு வர்ற மாதிரி உப்புகளைத் தண்ணியில கரைச்சு, அம்மோனியா ஊத்தணும். கறுப்பா வீழ்படிவு வரும். சாயத்தைப் பிடிச்ச பிறகு காந்தத்தை வச்சே வெளிய இழுத்துடலாம்.

கேட்க ஈஸியா இருக்கு. ஆனா நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடு ஒண்ணுதான். பில்ட் செட்டிங் மாறினா வேற புரோகிராம் வந்து நிக்கும்.

அம்மோனியாவை வேகமா ஊத்தி நல்லா கலக்கினா, ஒரே நேரத்துல ஏகப்பட்ட குட்டித் துகள்கள் உருவாகும். மெதுவா விட்டா, முதல்ல பிறந்த துகள்களே வளர்ந்து பெருசாகும், பரப்பு குறையும்.

காற்று பட்டா ஃபெரஸ், ஃபெரிக்கா மாறிடும். 1:2 கணக்கு கெட்டு, பழுப்புப் பொடி வரலாம். அதனாலதான் நைட்ரஜன் வாயுவுக்குள்ள வச்சு செய்றாங்க.

காய வைக்கும்போது சூடு ரொம்ப ஏறினா துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச இடம் காலி.

அடுத்து மின்னூட்டம். தயாரிக்கும்போது சிட்ரிக் அமிலம் சேர்த்தா, சாதாரணத் தண்ணியில துகள் எதிர்மின் பூச்சோட இருக்கும். நேர்மின் சாயமான மெத்திலீன் நீலம் ஓடி வந்து ஒட்டும். லேப்ல நிறைய பேர் சோதிக்கிறது இந்தச் சாயத்தைத்தான். ஆனா பருத்திக்குப் பெரும்பாலும் போடுறது ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின். அதே பொடி அதைத் தள்ளிவிடும்! அதுக்கு அமீன் மாதிரி நேர்மின் பூச்சு வேணும்.

முன்னாடி எல்லாம் 'அருமையா சாயத்தை நீக்குது'ன்னு படிச்சா அப்படியே நம்பிடுவேன். இப்போ நான் கேட்கிற முதல் கேள்வி: எந்தச் சாயத்தை?

இன்னும் ரெண்டு விஷயம். ரியாக்டிவ் சாயம் துணியில ஏற நிறைய உப்பு போடுவாங்க. நிறம் போனாலும் அந்த உப்பு தண்ணியிலயே இருக்கும். பொடியில ஒட்டின சாயமும் அழியல, இடம்தான் மாறியிருக்கு. அந்தப் பொடியைக் கழுவி மறுபடி பயன்படுத்தணும், இல்லேன்னா பாதுகாப்பா அப்புறப்படுத்தணும்.

தண்ணி தெளிவா தெரியுறது வேற, சுத்தமா இருக்கிறது வேற. அடுத்த டி-ஷர்ட் வாங்கும்போது யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!