பெட்டி இழுக்கும் உழவு இயந்திரத்துக்கு எந்த இன்ஜெக்டர்?

அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வயலில் அடுக்கப்பட்டிருக்கும் நாட்களில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஓய்வு கிடையாது. உழவுக் கூலியைவிடப் பெட்டி இழுத்துக் கிடைக்கும் கூலியே பல வீடுகளில் கடனை அடைக்கிறது. சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாமல் வேற்றூரில் இருப்பவர்களுக்கு இது மேலும் பொருந்தும். காணி இல்லாவிட்டாலும் இயந்திரம் இருந்தால் கூலிக்கு ஓடலாம் அல்லவா? ஆகவே அந்த எஞ்சின் கரும்புகை கக்கி, குளக்கட்டில் ஏறும்போது திணறத் தொடங்கினால் வீடே கலங்கிப் போகிறது. அந்த நேரம் பார்த்து எவராவது ஒருவர், "இன்ஜெக்டரை மாத்துங்கோ, கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ, இழுவை கூடும்" என்பார்.

நாமும் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தவர்கள்தாம். 2011ஆம் ஆண்டு, மீளக் குடியமர்ந்த கையோடு, பற்றைக்குள் கிடந்த பழைய மாசி பேர்குசன் 135 ஒன்றைத் திருத்தி எமது குழு ஓட்டத் தொடங்கியது. புகை தள்ளியது. நகரத்துக் கடையொன்றில் வேறொரு பெரிய எஞ்சினுக்கு உரிய நொசில்களைத் தந்தார்கள். பழைய இன்ஜெக்டர் உடலில் அவை சரியாகப் பொருந்தின. பம்பைத் திறந்து டீசல் அளவையும் கூட்டி விட்டார்கள். முதல் இரண்டு கிழமை நல்ல இழுவை. மூன்றாவது கிழமை நெல் ஏற்றி வரும் வழியில் நடுச் சிலிண்டரின் பிஸ்டன் ஓட்டையாகிப் போனது. அந்தப் போகத்துக் கூலி முழுவதும் திருத்த வேலைக்கே போயிற்று. குழுவில் ஒருவரின் வீட்டில் அடகு வைத்த சங்கிலி அவ்வருடம் மீளவில்லை.

நடந்தது என்ன என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். இந்த எஞ்சின்களில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப். அந்த டீசலை எவ்வளவு நுண்மையாக, எந்தப் பக்கத்துக்கு விசிற வேண்டும் என்பதே இன்ஜெக்டரின் வேலை. நொசிலின் துளை பெரிதானால் டீசல் கூடாது. அதே டீசல் குறைந்த அழுத்தத்தில், பருத்த துளிகளாக விழும். பருத்த துளி முழுதாக எரியாது. பிஸ்டன் தலையிலும் சிலிண்டர்ச் சுவரிலும் பட்டு, அங்குள்ள ஒயிலைக் கழுவிவிடும்.

சரி, பம்பில் டீசலைக் கூட்டினால்? அதற்குக் காற்று வேண்டும். மாசி 135இல் உள்ள பேர்கின்ஸ் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை லீற்றர். டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் அது உள்ளிழுக்கக்கூடிய காற்று அதிகபட்சம் 2,500 லீற்றர். நிறையில் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய 20 கிலோவரை வேண்டும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 150 கிராம் டீசலுக்கு மேல் அந்த எஞ்சினால் ஒழுங்காக எரிக்க முடியாது. அதற்கு மேல் ஊற்றுவது புகைக்குழாயால் வெளியே போகும் காசு. அத்துடன் வெப்பமும் ஏறும். உழும்போதும் பாரம் இழுக்கும்போதும் எஞ்சின் மணிக்கணக்காக முழுச் சுமையில் நிற்பதால் அந்த வெப்பம் ஆறுவதற்கு இடமில்லை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அமெரிக்காவில் பாரம் இழுக்கும் டர்போ லொறிகளுக்குப் பெரிய இன்ஜெக்டர் போடுகிறவர்கள்கூட, புகை வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பூட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். நம்மிடம் காதும் மூக்கும்தான் மானி.

ஆகவே காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன், பழுது இன்ஜெக்டரில்தானா என்று பாருங்கள். காற்று வடிகட்டியின் ஒயில் கிண்ணத்தைக் கழற்றினால் பாதிக்குச் சேறு இருக்கும். எமது தெருப் புழுதிக்கு அது வியப்பல்ல. டீசல் வடிகட்டி, வால்வு இடைவெளி, பம்பின் நேரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். எந்தச் சிலிண்டரில் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி. அங்கே இன்ஜெக்டர் பழுதாகலாம்; அமுக்கம் குறைந்தும் இருக்கலாம். மற்றச் சிலிண்டரின் இன்ஜெக்டரை அங்கே மாற்றிப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வேலை செய்யும்போது டீசல் பீச்சும் இடத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி முனையளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்ஜெக்டர்தான் பழுது என்றால், முழு இன்ஜெக்டரையும் வாங்குவதைவிட, பழைய உடலை வைத்துக்கொண்டு நொசிலை மட்டும் மாற்றுவதே பழைய எஞ்சின்களுக்கு நல்லது என்பது எமது எண்ணம். பழைய உடல் பெரும்பாலும் தரமானது. தேய்வது நொசிலும் உள்ளிருக்கும் சுருளும்தான். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று புதிது, இரண்டு பழையது என்றால் எஞ்சின் நொண்டும்.

கடையில் "135க்கு நொசில்" என்று மட்டும் கேட்கக் கூடாது. எஞ்சின் இலக்கத்தையும், இன்ஜெக்டர் உடலில் பொறித்துள்ள குறியீட்டு எழுத்துகளையும், பழைய நொசிலில் உள்ள இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பழையதையே கையில் கொண்டு போங்கள். நொசில் இலக்கம் டி.எல்.எல். என்று தொடங்கினால் அது பல துளைகள் கொண்ட நீண்ட நொசில். அடுத்து வரும் 140, 150 போன்ற எண் டீசல் விசிறும் கோணத்தைக் குறிக்கும். கோணம் மாறினால் டீசல் பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் விழாது. டி.என். என்று தொடங்குவது பழைய ஹயஸ் வான்களின் 2எல், 3எல் எஞ்சின்களில் உள்ளதுபோல வேறு வகை. அது இங்கே உதவாது. இந்தியாவிலிருந்து வரும் டஃபே இயந்திரங்களின் சிம்சன் எஞ்சின் பேர்கின்ஸ் வழிவந்ததுதான். ஆயினும் இலக்கம் ஒத்தால் மட்டுமே அதன் நொசிலை எடுங்கள்.

பெட்டியில் பெயர்பெற்ற கம்பனியின் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது போலியாக இருக்கும். பெட்டியிலுள்ள இலக்கமும் நொசிலில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு நொசிலைச் சுத்தமான டீசலில் கழுவி, 45 பாகை சரித்துப் பிடித்து, ஊசியை மூன்றிலொரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். அது தன் பாரத்தாலேயே சறுக்கி இறங்க வேண்டும். இறுகி நின்றால் வாங்க வேண்டாம். ஊசிக்கும் உடலுக்கும் இடையில் உள்ளது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 2 முதல் 4 பங்கு வெளிதான். அதனால் ஒரு நொசிலின் ஊசியை இன்னொன்றுக்குள் போடவே கூடாது.

வாங்கியதை நேரே எஞ்சினில் பூட்டாமல், சோதனைப் பம்ப் உள்ள கராஜில் அழுத்தம் வைப்பியுங்கள். இவ்வகை எஞ்சினில் திறக்கும் அழுத்தம் குறியீட்டைப் பொறுத்து 170 முதல் 220 பார் வரை மாறும். மூன்றும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். திறக்கும் அழுத்தத்துக்குப் 10 பார் குறைவாகப் பிடித்து 10 செக்கன் வைத்தால் நுனியில் துளி விழக் கூடாது. இந்தச் சோதனையை நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது. கொமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய பிக்கப் வண்டிகளின் கதை வேறு. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். பல வண்டிகளில் இன்ஜெக்டரின் இலக்கத்தைக் கணினிக்குள் பதிய வேண்டும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

பூட்டும்போது துளைக்குள் பழைய செப்பு வாசர் ஒட்டிக் கிடக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் நொசில் நுனி மேலே நின்றுவிடும். நட்டுகளை இரு பக்கமும் சமமாக, அளவோடு இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் நொசில் நெளிந்து ஊசி சிக்கும்.

1990களின் தடைக்காலத்திலும் 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டிலும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் நம்மில் உண்டு. வேறு வழியில்லாத காலம் அது. ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழுக்கும் தன்மை குறைவு. பம்பையும் நொசிலையும் அது தின்றுவிடும். கானில் டீசல் வைத்திருந்தால் ஓர் இரவு அசையாமல் நிற்கவிட்டு, அடியில் உள்ள ஒரு போத்தல் அளவைத் தாங்கிக்குள் ஊற்றாமல் விடுங்கள். தண்ணீர் அங்கேதான் தங்கும். புது நொசில் போட்ட முதல் நாள் அரைப் பெட்டி பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, புகை கறுப்பாக வந்தால் அன்றே திரும்பக் கராஜுக்குக் கொண்டு போங்கள்.