இரண்டறை வீடும் 58 வெள்ளி முத்திரையும்

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாடகையை நெடுங்காலம் சட்டமே பிடித்து வைத்திருந்தது. 1948க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமையாளர் இஷ்டம்போல் வாடகையை ஏற்ற முடியாமல் இருந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய கடைவீடுகளின் மாடிகளில் சொற்ப வாடகைக்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. வருமானம் இல்லாத வீட்டை உரிமையாளரும் பழுதுபார்க்கவில்லை, கூரை ஒழுகியது. 1997இல் சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு பாதுகாப்பு முடிந்தது. பலர் வெளியேறினர். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு, அவர்கள் விட்டுப்போன மாடிகளில் பல தங்கும் விடுதிகளாயின.

இன்று வீடு தேடும் குடும்பம் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், குளுகோர் போன்ற புறநகர்ப் பக்கம்தான் போகிறது. மலேசிய அடுக்குமாடிகளில் மூன்றறையே வழக்கம் என்பதால் இரண்டறை வீட்டுக்குச் சற்று அலைய வேண்டும். பழைய மலிவுவிலை அடுக்குமாடியில் கிடைக்கும், இல்லையேல் புதிய கொண்டோமினியத்தில். வாடகையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விளம்பரத்தில் 'சீனர் மட்டும்' என்ற வரி வந்துவிட்டால் தமிழர் அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். தனியார் வாடகையில் இன பேதத்தைத் தடுக்கும் தனிச்சட்டம் நாட்டில் இல்லை. வாடகை கட்ட முடியுமா என்று கேட்பதற்கு முன்பே பெயரைக் கேட்கும் வழக்கம் இதனால்தான் நீடிக்கிறது.

வீடு பிடித்தால் பணம். மாத வாடகை 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை 2,400, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 600, முதல் மாத வாடகை 1,200. சாவி கைக்கு வருமுன் 4,200 வெள்ளி போய்விடும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. ஓராண்டு வரையான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியில் போனது. மேற்சொன்ன வீட்டுக்கு வரி 58 வெள்ளி. இந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்கப் பலர் முத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. வைப்புத்தொகை திரும்பாதபோதுதான் அது உறைக்கும்.

வாடகை பாக்கி விழுந்தாலும் உரிமையாளர் தானே பூட்டை மாற்றி ஆளை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7(2) பிரிவு, அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறது.