தொட்டிக்குள் ஒரு கடல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

கொடைக்கானல் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் கடல் மீன் வளர்க்க இயலுமா? இயலும். ஆனால் அதற்கு உப்பு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சோடியமும் குளோரைடும் அவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காடு. எஞ்சியவை சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் முதலியன. ஆகவே சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. இதற்கென விற்கப்படும் உப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தியை 1.025 அளவில் வைக்கவேண்டும். தாதுக்கள் குறைந்த எங்கள் மலை நீர் இக்கலவைக்கு ஏற்றதே. தொட்டியில் நீர் வற்றினால் நன்னீரையே ஊற்றவேண்டும். ஆவியாவது நீர்தான், உப்பு அன்று.

நீர் தெளிந்ததும் மீனை விட மனம் துடிக்கும். ஆபத்து அங்கேதான்! மீனின் செவுளிலிருந்தும் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா சேரும். நீரில் அது அம்மோனியம் அயனியாகவும் அம்மோனியாவாகவும் இருக்கும். பின்னதே கொடிய நஞ்சு. பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்நஞ்சு, 8.2 உள்ள கடல்நீரில் பத்து மடங்குக்கு மேலாகும். கண்ணாடிபோல் தெளிந்த நீரிலேயே மீன் மாண்டுபோவது இதனால்தான்.

இந்நஞ்சை முறிப்பவை பாக்டீரியாக்கள். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனைத் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை மணலிலும் கல்லிலும் ஒட்டி, மெல்லத்தான் பெருகும். மீனில்லாத தொட்டியில் சிட்டிகை இரையை இட்டு அழுகவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கவேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். சோதனையில் இரண்டும் இல்லையென்று தெரிந்த பின்னரே ஓரிரு மீன்களை விடலாம். சேரும் நைட்ரேட்டை, நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றிக் குறைக்கலாம்.

எங்கள் ஊரில் பூண்டுப் பாத்திக்குப் பச்சைச் சாணம் இடமாட்டார்கள். பயிரைச் சுட்டுவிடும் என்பார்கள். எரு மக்கும்வரை காத்திருப்பார்கள். மண்ணிலும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை இவ்வகைப் பாக்டீரியாக்களே! பள்ளிக்கூடம் சென்றறியாத என் தாய்க்குத் தெரிந்த இந்த உண்மையின் வேதியியலை நான் கல்லூரியில்தான் படித்தேன்.

மலையில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிருக்காக நீரை 26 டிகிரிவரை சூடாக்கவும் வேண்டும். இரண்டுமே நீரில் கரையும் ஆக்சிஜனைக் குறைக்கும். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அது தேவையாதலால், காற்றுக் குழாய் ஓயாமல் இயங்கவேண்டும்.

தொட்டிக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்படுபவை. 1947 இல் தொடங்கி, நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்துக் காட்டியுள்ளது. அத்தகைய மீன்களையே நாம் நாடுவோம். நம் அவசரத்தால் ஒரு மீன் மடிந்தால், அதன் இடத்துக்கு இன்னொன்று கடலிலிருந்து பிடிக்கப்படும். ஆறு வாரப் பொறுமை ஓர் உயிரின் விலை, நண்பர்களே!