நின்று பார்க்கும் இடம்

"அப்பா, என்னோடை படிக்கிற பெடியள் எல்லாம் மைதானத்துக்குப் போய் மாட்ச் பார்த்திட்டாங்கள். நாங்கள் எப்ப போறது?"

மகன் இப்படிக் கேட்டபோது, "அது காசுக்காரர் போற இடம், ராசா" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். விலை என்னவென்று விசாரிக்காமலே சொன்ன பதில் அது. நாங்கள் இருப்பது ஜேர்மனியில், டோட்முண்ட் நகரில். இங்கே திங்கட்கிழமைகளில் பாடசாலையில் உதைபந்தாட்டம்தான் பேச்சு. அந்தப் பேச்சில் என் பிள்ளை ஒதுங்கி நிற்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

என்னோடு இரவு வேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவரும் அவர் மனைவியும் சீசன் ரிக்கற் வைத்திருப்பவர்கள். ஒரு சனிக்கிழமை அவர்களால் போக முடியவில்லை. ஒரு ஆட்டத்துக்குரிய காசை மட்டும் வாங்கிக்கொண்டு ரிக்கற்றுகளை எனக்குத் தந்தார். நாங்கள் போனது தெற்குப் பக்கம். அங்கே கதிரை இல்லை. சுமார் 25,000 பேர் படிகளில் நின்றே பார்க்கிறார்கள். முன்னால் நின்ற உயரமான மனிதர் தானாகவே விலகி மகனுக்கு இடம் விட்டார்.

இந்த நகரம் நிலக்கரியாலும் உருக்காலும் வளர்ந்தது. கடைசிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. 2001இல் பீனிக்ஸ் உருக்காலையும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2005இல் கழகமே கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அந்தக் காலத்திலும் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். "வேலை போனவனும் வரக்கூடிய விலையில் இடம் இருந்தது. அதனால்தான் வந்தோம்" என்கிறார் நண்பர்.

இங்கிலாந்தில் கதை வேறு. 1989இல் ஹில்ஸ்பறோ மைதான நெரிசலால் 97 பேர் இறந்தார்கள். 1990இல் நீதிபதி ரெய்லரின் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. விலை ஏறத் தேவையில்லை என்றும், கிளாஸ்கோவில் 6 பவுணுக்கு இருக்கை கிடைப்பதையும் அது சுட்டிக்காட்டியது. இருக்கைகள் வந்தன. விலையோ நிற்காமல் ஏறியது.

ஜேர்மனியிலும் மலிவான இடம் தானாகத் தங்கவில்லை. 2010இல் ஷால்க மைதானத்தில், வெளியூர் இரசிகர் நின்று பார்க்கும் இடத்துக்கே 20 யூரோவுக்கு மேல் கேட்டபோது, டோட்முண்ட் இரசிகர் பலர் அந்த ஆட்டத்துக்குப் போக மறுத்தார்கள். பரம எதிரியோடு நடக்கும் ஆட்டம் அது! 2016இல் லிவர்பூல் கழகம் 77 பவுண் ரிக்கற் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு பிறிமியர் லீக் கழகங்கள் வெளியூர் இரசிகருக்கான ரிக்கற்றுக்கு 30 பவுண் என்ற எல்லையை வகுத்தன.

ஒருவர் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்ந்து நின்றபடியால்தான் நடந்தது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கழகத்தின் ரிக்கற் கிடைப்பது கடினம்தான். ஆனால் நின்று பார்க்கும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுவருக்கும் வேலையற்றோருக்கும் பல கழகங்கள் கழிவு கொடுக்கின்றன. இங்கு பல இடங்களில் அந்த ரிக்கற்றுடனேயே பஸ்ஸிலும் றெயினிலும் போய் வரலாம். அதுவும் சரிவராவிட்டால், உங்கள் ஊர்ச் சிறு கழகத்தின் ஆட்டத்தைச் சில யூரோக்களுடன் பார்த்து வரலாம். மீன் கடையில் விலை கேட்க வெட்கப்படாத நாங்கள் இங்கே மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

அடுத்த திங்கட்கிழமை மகன் பாடசாலையால் வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "அப்பா, இண்டைக்கு நான்தான் கதை சொன்னனான்."