நகர்ந்து போகும் நட்சத்திரத்தை பார்த்து பயப்படலாமா? செயற்கை கோளை கண்டுபிடிக்க எளிய வழிகள்

வானத்தில் முத்துமாலை கோர்த்தது போல விளக்குகள் வரிசையாக ஊர்ந்து போனதை பார்த்து, 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பஞ்சாப் மாநிலம் பதான்கோட் பகுதி மக்கள் பரபரப்பு அடைந்தனர். 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் உத்தரபிரதேச மாநிலத்திலும் இதே காட்சி தெரிந்தது. பறக்கும் தட்டு வந்துவிட்டது என்று கூட பேச்சு கிளம்பியது. செல்போனில் எடுத்த வீடியோக்கள் காட்டுத்தீ போல பரவின.

ஆனால் வானத்தில் போனது ஸ்டார்லிங்க் செயற்கை கோள்கள். இன்டர்நெட் வசதி கொடுப்பதற்காக அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் 2019-ம் ஆண்டு மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கை கோள்களை அனுப்பியது. அதன்பிறகு கொத்து கொத்தாக அனுப்பி, இப்போது பல ஆயிரம் ஸ்டார்லிங்குகள் பூமியை சுற்றுகின்றன.

ராக்கெட்டில் இருந்து பிரிந்த முதல் சில நாட்கள் இவை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக போகும். அப்போதுதான் ஆகாயத்தில் ரெயில் ஓடுவது போல தெரியும். பிறகு மேலே ஏறி ஆளுக்கு ஒரு பக்கமாக விலகி விடும். வெளிச்சமும் குறைந்து விடும்.

ஒரு நிமிடம் போதும்

வானத்தில் தெரிவது நட்சத்திரமா, செயற்கை கோளா என்று தெரிந்துகொள்ள டெலஸ்கோப் எதுவும் வேண்டாம். மொட்டை மாடியில் நின்று, அந்த ஒளிப்புள்ளியை ஒரு தென்னை ஓலையின் நுனிக்கோ, கரண்டு கம்பிக்கோ நேராக வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

புள்ளி அப்படியே இருந்தால் அது நட்சத்திரம் அல்லது கிரகம். கம்பியை தாண்டி போய்விட்டால் நட்சத்திரம் இல்லை.

நட்சத்திரங்களும் கிழக்கில் இருந்து மேற்கே நகரத்தான் செய்யும். ஆனால் கையை நீட்டி முஷ்டி பிடித்தால், சுமார் ஒன்றரை முஷ்டி அகலம் நகர்வதற்கே ஒரு மணி நேரம் ஆகும். செயற்கை கோளோ வானத்தின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நாலைந்து நிமிடத்தில் போய்விடும்.

சிமிட்டினால் என்ன? சிமிட்டாவிட்டால் என்ன?

நட்சத்திரங்கள் பல லட்சம் கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் இருப்பதால் சிறு புள்ளியாகத்தான் தெரியும். அந்த ஒளி பூமியின் காற்றில் புகுந்து வரும்போது அலைக்கழிவதால்தான் கண் சிமிட்டுவது போல இருக்கிறது.

வெள்ளி, வியாழன் போன்ற கிரகங்கள் நமக்கு பக்கத்தில் இருப்பதால் அதிகம் சிமிட்டாது. குத்துவிளக்கு சுடர் போல நின்று எரியும். விடிவெள்ளி என்று சொல்வது இந்த வெள்ளி கிரகத்தைத்தான். இது அதிகாலையில் கிழக்கிலோ, அந்தி நேரத்தில் மேற்கிலோதான் தெரியும். நடு ராத்திரியில் நம் ஊர் வானத்தில் வெள்ளியை பார்க்கவே முடியாது.

செயற்கை கோளுக்கு சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் மீது விழும் சூரிய ஒளிதான் நமக்கு தெரிகிறது. எனவே ஒரே சீரான ஒளியோடு சத்தம் இல்லாமல் போகும். சிவப்பு, பச்சை விளக்கு மின்னி மின்னி போனால் அது விமானம். ஒரே இடத்தில் மின்னிக்கொண்டு நின்றால் டிரோனாக இருக்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை முடிந்த ராக்கெட் பாகங்கள் குட்டிக்கரணம் போட்டபடி சுற்றுவதால், அவற்றின் ஒளி கூடிக்கூடி குறையும்.

பாதி வானத்தில் மாயம்

போய்க்கொண்டிருந்த புள்ளி பாதி வானத்தில் திடீரென்று மறைந்து விடுவதை பார்த்து சிலர் மிரண்டு போகிறார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. செயற்கை கோள் பூமியின் நிழலுக்குள் புகுந்து விட்டது, அவ்வளவுதான்.

சூரியன் மறைந்த பிறகு சுமார் 2 மணி நேரமும், விடிவதற்கு முன்பு 2 மணி நேரமும்தான் இவற்றை பார்க்க ஏற்ற நேரம். அப்போது தரையில் இருட்டாக இருக்கும். மேலே செயற்கை கோள் மீது வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டு டி.வி.க்கு படம் அனுப்பும் செயற்கை கோள்களை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அவை சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால்தான் மாடியில் இருக்கும் டிஷ்சை ஒரே திசையில் திருப்பி வைத்தால் போதும்.

மனிதர்கள் இருக்கும் 'நட்சத்திரம்'

நகரும் புள்ளிகளில் மிகப்பிரகாசமானது சர்வதேச விண்வெளி நிலையம். கால்பந்து மைதானம் அளவுக்கு பெரியது. சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் மணிக்கு 28 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. நேர் தலைக்கு மேலே வரும்போது, சென்னையில் இருந்து மதுரைக்கு ரோட்டில் போகும் தூரத்தை விட பக்கத்தில் இருக்கும்.

2000-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அதில் மனிதர்கள் இல்லாத நாளே கிடையாது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா அங்கு போய் தங்கிவிட்டு ஜூலையில் திரும்பினார். அந்த நிலையத்துக்கு சென்ற முதல் இந்தியர் அவர்தான். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இது தெரியும் என்பதை அமெரிக்காவின் நாசா இலவசமாகவே தெரிவிக்கிறது.

கீழே விழுந்தால் தொடக்கூடாது

ஓரிரு நொடியில் கோடு கிழித்தது போல மறைந்தால் அது எரி நட்சத்திரம். பெயர்தான் நட்சத்திரம். உண்மையில் விண்வெளி தூசியும் சிறு கல்லும் காற்றில் உரசி எரிவதுதான் அது.

அதுவே மெதுவாக, பல துண்டுகளாக, வால் நீட்டிக்கொண்டு நீண்ட நேரம் எரிந்து போனால், ராக்கெட் அல்லது செயற்கை கோளின் பாகமாக இருக்கலாம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி இரவு மராட்டியம், மத்தியபிரதேசம், குஜராத் மக்கள் இப்படி ஒரு காட்சியை பார்த்தனர். மராட்டிய மாநிலம் சந்திராப்பூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. அது சீன ராக்கெட்டின் பாகம் என்று ஆய்வாளர்கள் கூறினார்கள்.

இப்படி எது விழுந்து கிடந்தாலும் பழைய இரும்பு என்று நினைத்து தொடவோ, உடைக்கவோ கூடாது. விஷத்தன்மை உள்ள எரிபொருள் மிச்சம் இருக்கலாம். தள்ளி நின்று உடனே போலீசுக்கு தகவல் சொல்ல வேண்டும்.

வானத்தில் செயற்கை கோள்கள் பெருகுவதால் விஞ்ஞானிகளுக்கும் தலைவலிதான். டெலஸ்கோப்பில் எடுக்கும் படங்களில் இவை கோடு போட்டு விடுகின்றன. இரவு வானத்தை பாதுகாக்க சர்வதேச வானியல் சங்கம் 2022-ம் ஆண்டு தனி மையமே தொடங்கி உள்ளது.