மஜ்ஜை சிகிச்சைக்குப் பின் காவல்

தீராத வியாதி தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு சங்கரன்கோவிலுக்கு வருவோர் அநேகர். ஆடித் தபசன்று கோமதியம்மனைத் தரிசிக்க லட்சக்கணக்கான ஜனங்கள் திரளுகிறார்கள். ஆனால், ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பெற்று அண்மையில் வீடு திரும்பிய ஒருவர் நன்றிக்கடன் செலுத்த அக்கூட்டத்தில் புகுவாரானால், அதுவே அவர் உயிருக்கு உலையாக முடியலாம். பிரார்த்தனையை வீட்டார் செலுத்தட்டும். அவர் உடல் தேறியபின் வரட்டும். இவ்வாறு சொல்வது பக்திக் குறைவன்று.

இச்சிகிச்சை நமது தேசத்தில் 1983-ம் வருஷம் பம்பாய் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியிலும், 1986-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் தொடங்கியது. கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்த பிறகே புதியது செலுத்தப்படுகிறது. அது சில வாரங்களில் வேரூன்றிவிடும். ஆனால் வியாதியை எதிர்க்கும் சக்தி முழுதும் திரும்ப ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சாதாரண ஜலதோஷமும் நிமோனியாவாக மூளக்கூடும்.

வெளிச் சத்துருவைவிட உட்பகை கொடிது. சைட்டோமெகலோ என்னும் வைரஸ் கிருமி நம்மவரில் பெரும்பாலோர் உடலில் பால்யம் முதலே உறங்கிக் கிடக்கிறது. காவல் தளர்ந்த முதல் நூறு நாட்களில் அது விழித்தெழுந்து நுரையீரலையும் குடலையும் தாக்குகிறது. ஆகவே, வாரந்தோறும் ரத்தத்தைச் சோதித்து, கிருமி தலைதூக்கியவுடன் கான்சிக்ளோவிர் மருந்து கொடுக்கிறார்கள். அம்மருந்தோ புது மஜ்ஜையையே வாட்டும் தன்மையது. வருமுன் காக்கும் லெட்டர்மோவிர் 2017-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அதன் விலை ஏழைக்கு எட்டாதது.

சங்கரன்கோவில் நெசவாளியொருவர் இச்சோதனைக்காக வாரந்தோறும் நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேலூருக்குப் போய்வர இயலுமா? 2020-ல் கொரோனாக் கிருமியைக் கண்டறிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிச் சோதனைச்சாலை உழைத்ததை நாம் மறக்கவில்லை. இதற்கும் வேண்டுவது அதே வகைச் சோதனைதான். உள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து நெல்லைக்கு அனுப்பி, முடிவை வைத்தியருக்கு உடனே தெரிவிக்கும் ஏற்பாடு இலவசமாகவும் தடையின்றியும் நடைபெறச் செய்வது சர்க்காரின் கடமை. அருமருந்துகளை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்விப்பதும் அவ்வாறே. உயிர் காக்கும் மருந்தில் சுதேசியம் இல்லையேல் வேறெதில் இருந்து என்ன பயன்?

வீட்டாருக்கும் கடமையுண்டு. குடும்பத்தார் அனைவரும் வருஷந்தோறும் இன்புளுயன்ஸா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கைகழுவாமல் நோயாளியை அணுகலாகாது. அம்மை கண்ட வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்லலாகாது; தவறி நேர்ந்துவிட்டால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் விரைய வேண்டும். அசைக்ளோவிர் மாத்திரையை வைத்தியர் சொல்லுமுன் நிறுத்தலாகாது.

தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்கள் இக்கோரிக்கையைச் சட்டசபை அங்கத்தினரிடமும் நகரசபையிடமும் வற்புறுத்துவார்களாக. பெரும் பொருள் செலவிட்டு மீட்ட உயிரை ஒரு சிறு சோதனை இல்லாமையால் பறிகொடுப்பது நாட்டுக்குப் பெருமையாகாது.