உங்களுக்குத் தெரியுமா? ஓடை, தூண்டில், ஒரு வெள்ளைக்கார மீன்

● பதுளு ஓயாவில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் ட்ரவுட் மீன் சிக்காது. தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். பதுளை நகரமோ ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஊவாவின் மேற்கு விளிம்பில் ஒஹியவில் ரயிலை விட்டிறங்கி, 2,100 மீட்டருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினால்தான் அதன் ஊர் வரும்.

● சொந்த ஊர் அதுவும் இல்லை. இலங்கை மலைகளில் ட்ரவுட்டை விட்டவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள், 1880-களில். முதலில் பழுப்பு ட்ரவுட்; அது சரியாகப் பெருகவில்லை. பிறகு வந்த வானவில் ட்ரவுட்தான் நிலைத்தது. அதன் பூர்வீகம் பசிபிக் கடலின் இருகரை ஆறுகள். 1896-இல் துரைமார்கள் இந்த மீன்பிடிக்கென்றே சிலோன் மீன்பிடிக் கழகம் என்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

● சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் முறையிலோ முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிக்கு ஏறத்தாழ எடையே கிடையாது. அதனால் நரம்பையே தடிப்பாகச் செய்து, அதன் பாரத்தில் வீசுகிறார்கள். கோலை முன்னும் பின்னும் சாட்டைபோல ஆட்டுவது அதற்காகத்தான், பந்தாவுக்கு அல்ல.

● பொய்ப்பூச்சி கட்ட ஏற்றது சேவலின் கழுத்து இறகு. மக்கெதோனியர்கள் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் வைத்து மீன் பிடித்ததை ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

● பெரிய ஆற்றைவிடச் சின்ன ஓடையில் தனிச் சுகம் உண்டு. நீண்ட வீச்சு வேண்டாம், விலை உயர்ந்த சாமான் வேண்டாம். மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக ஊர்ந்து போகவேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் குறுகிய ஓடையில் இரை ஒரு நொடியில் கடந்துவிடுவதால், மீனுக்கு யோசிக்க நேரமில்லை. பாய்ந்து கவ்விவிடும்!

● இந்தப் பொய்ப்பூச்சிகளில் பல மேஃப்ளை என்ற பூச்சியின் நகல். வளர்ந்த மேஃப்ளைக்குச் சாப்பிட உதவும் வாய் இல்லை. பெரும்பாலானவை ஓரிரு நாளில் செத்துவிடும். அதன் குஞ்சுகளோ மாதக்கணக்கில் ஓடைக் கல்லின் அடியில் வாழும். கல்லைப் புரட்டிப் பாருங்கள்; அவை நெளிந்தால் தண்ணீர் பெரும்பாலும் சுத்தம். சரிவிலிருந்து மண் கரைந்து வந்து கல்லிடுக்கை அடைத்தால் முதலில் காணாமல்போகிறவற்றில் அவையும் உண்டு.

● ஜப்பானின் மலையோடைகளில் தென்காரா என்றொரு முறை: நரம்பைச் சுற்றும் சில்லு இல்லை, கோலின் நுனியில் நரம்பு, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பையன்கள் வெட்டிக்கொண்டு வரும் மூங்கில் கம்புக்கு இது நெருங்கிய சொந்தம். இறகுக்குப் பதில் மண்புழு. உலகம் இப்போது காசு கொடுத்து வாங்கும் எளிமை நம் பையன்களிடம் சும்மா கிடக்கிறது.

● இன்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர் ஓடைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு குட்டி இறால் இனம் அழியும் ஆபத்தில் நிற்கிறது. ட்ரவுட் அதையும் இரையாக்குகிறது.

● தாழ்வான தோட்டங்களின் குளங்களில் சிக்கும் திலாப்பியாவும் வந்தேறிதான். 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு இறகும் வேண்டாம், சேவலும் வேண்டாம். காலையில் மிஞ்சிய ரொட்டி மாவில் ஓர் உருண்டை போதும்.